பிள்ளைகளோடு வேலூர்: கல்லையும் காகிதத்தையும் படித்த நாட்கள்

வெள்ளி இரவு

வேலூர் வந்து சேர்ந்தாயிற்று. விழுப்புரத்தில் கிளம்பி திருவண்ணாமலை, போளூர், கண்ணமங்கலம் என்று வந்த வழியெல்லாம் நல்ல வெயில். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பிரிவுப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய. துணைக்கு எங்கள் பள்ளித் தமிழய்யா. அன்றன்றைக்கு நடந்ததை அன்றிரவே எழுதிப் போடுகிறேன் என்று சக ஆசிரியர்கள் சிலரிடம் சொல்லியிருந்தேன். அவர்களும் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

காலாண்டு விடுமுறையில் எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டவர்கள் உண்டு. வகுப்பில் நாங்கள் கொடுப்பது எல்லாம் முடிவுகள். இந்த ஆண்டில் இது நடந்தது, காரணங்கள் இவை, விளைவுகள் இவை. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், யார் எழுதிவைத்ததை நம்பி வந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. மூலச் சான்றை நேரில் காட்டி, விளக்கம் சொல்லாமல் நான் ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். அதற்கு வேலூரைச் சுற்றியுள்ள பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பல்லவர் நடுகல்லில் தொடங்கி கம்பெனி ஆட்சிக் கடிதம் வரைக்கும் இங்கே இருக்கிறது.

வேனிலேயே ஆரம்பித்துவிட்டோம். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். இன்றைக்கு அது திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை வட ஆர்க்காடு. அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், இறந்த வீரன் நினைவாக நட்ட நடுகல் ஒன்று உண்டு. 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பால் பலருக்கும் தெரிய வந்தது. அதன் படத்தை மட்டும் கையில் கொடுத்தேன். வீரன் நிற்கிறான், பின்னால் ஒரு நாய். எதற்கு நாய் என்று வேட்டை, காவல், செல்லம் எனப் பல பதில்கள் வந்தன. அப்புறம்தான் வாசகத்தைப் படித்தோம். எருமை மந்தையைக் காக்கப்போய் இறந்தவன் கருந்தேவக்கத்தி. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அவன் பக்கத்திலேயே காத்து நின்றது.

ஒரு மாணவி சட்டென்று கேட்டாள்: "நாய்க்குக்கூடப் பேர் வெட்டியிருக்காங்க. திருடனுக்குப் பேரே இல்லையே டீச்சர்?"

போளூர் வரும்வரை வேனில் அதே பேச்சுதான். கல் நட்டவர்களுக்கு யார் முக்கியம், எதிரியின் ஊரில் யாராவது கல் நட்டிருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்கள் என்றெல்லாம். நான் குறுக்கே பேசவில்லை.

சனி இரவு

இன்று முழுக்கக் கோட்டை. முதலில் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம். (வர நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துத் திட்டமிடுங்கள்.)

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் வழக்கமாக என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். வரிசையாக நடந்து, கண்ணாடிக்கு வெளியே இருக்கும் அட்டையை நோட்டில் எழுதிக்கொண்டு, அரை மணியில் வெளியே வந்துவிடுவார்கள். அதனால் அட்டையை இப்போது படிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆளுக்கு ஒரு பொருள். அதன் முன்னால் சும்மா நின்று பார்க்க வேண்டும், பென்சிலால் வரைய வேண்டும். அழகாக வரைய வேண்டியதில்லை. வரையும்போது கண் தானாகவே நின்று பார்க்கும். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே உடைந்து ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

யானைத் தந்தத்தில் செய்த சதுரங்கப் பலகை ஒன்று இங்கே இருக்கிறது. இலங்கையில் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் பயன்படுத்தியது. 1815இல் பிரிட்டிஷார் அவரைப் பிடித்து, அடுத்த ஆண்டு குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 1832இல் இறக்கும்வரை அவருக்கு வேலூர்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். இதெல்லாம் தெரியாமலேயே இரண்டு பையன்கள் அந்தப் பலகையைக் கட்டம் கட்டமாக வரைந்தார்கள். பிறகு அட்டையைப் படிக்க விட்டேன். அவர்களில் ஒருவன் கேட்ட கேள்வியை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ராஜா இதில் விளையாடினார் என்று யார் சொன்னது? பலகையில் அவர் பெயர் இல்லையே?"

இந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்துக்கு ஒரு பொருள் வந்து சேரும்போது யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது என்று பதிவேட்டில் ஏற்றுவார்கள். அட்டையில் இருக்கும் ஒரு வரிக்குப் பின்னால் அந்தப் பதிவேடு நிற்கிறது, அதற்கும் பின்னால் யாரோ ஒருவர் சொன்ன சொல் நிற்கிறது. இதை நான் விளக்கியதைவிட அங்கிருந்த ஊழியர் ஒருவர் பொறுமையாகச் சொன்னது பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

மத்தியானம் கோட்டைக்குள் மர நிழலில் உட்கார்ந்து 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சிக்கு வந்தோம். எல்லோருக்கும் பாடம் மனப்பாடம். ஜூலை 10 விடியற்காலை, புதிய தலைப்பாகை உத்தரவு, நெற்றிக்குறியும் தாடியும் கடுக்கனும் கூடாது என்ற விதி, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து புரட்சியை அடக்கிய கில்லஸ்பி. ஒப்பிக்கச் சொன்னால் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

நான் ஒரு தாளை மட்டும் கொடுத்தேன். எழுதியவர் பெயரையும் தலைப்பையும் எடுத்துவிட்டு, தமிழில் பெயர்த்து எழுதிய சில பத்திகள். நள்ளிரவுக்குப் பின் துப்பாக்கிச் சத்தம் கேட்டு விழிக்கிறார் ஒருவர். கணவர் வெளியே போகிறார். குழந்தைகளோடு கோழி அடைக்கும் இடத்தில் ஒளிந்துகொள்கிறார். யார் இவர், எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். அமீலியா ஃபேன்கோர்ட். கோட்டைப் படைத்தலைவராக இருந்து அன்று உயிரிழந்த கர்னல் ஃபேன்கோர்ட்டின் மனைவி. பெயரைச் சொன்னதும் ஒரு பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளைக்காரங்க எழுதினதை வெச்சு நாம எப்படிப் படிக்கிறது?" என்றான். அவன் பக்கத்தில் இருந்த மாணவி, "குழந்தையை ஒளிச்சு வெச்ச அம்மா பொய் சொல்லுவாங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் ஒளிந்திருந்த இடத்திலிருந்து எவ்வளவு பார்க்க முடிந்ததோ அவ்வளவுதான் எழுதினார்.

சரி, சிப்பாய்கள் எழுதியது எங்கே? தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் விசாரணை வாக்குமூலங்கள்தான். புரட்சியை அடக்கிய பிறகு விசாரணை நடத்தினார்கள். பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தது, சுட்டது, தூக்கிலிட்டது, நாடு கடத்தியது என்று தண்டனைகள் நடந்த காலம். அந்த நிலைமையில் ஒரு சிப்பாய் சொன்னதை எழுத்தர் எழுதி, இன்னொருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். நாம் கேட்பது சிப்பாயின் குரலையா, எழுத்தரின் குரலையா, தூக்குக் கயிற்றுக்குப் பயந்த குரலையா? முஸ்தபா பேக் என்ற சிப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்திலேயே மேலதிகாரியிடம் போய் இப்படி ஒன்று நடக்கப்போகிறது என்று எச்சரித்தவர். அப்போது அவரை யாரும் நம்பவில்லை, பிடித்து அடைத்தும் வைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு அதே ஆளுக்கு வெகுமதி கொடுத்தார்கள். அவர் சொன்னது மாறவேயில்லை, கேட்டவர்கள்தான் மாறினார்கள். கொல்லப்பட்ட சிப்பாய்கள் 350 பேர் என்று ஒரு நூல் சொல்லும், 800 என்று இன்னொன்று சொல்லும். எது சரி என்று பிள்ளைகள் கேட்டார்கள். யார் எண்ணியிருப்பார்கள், எதற்காக எண்ணியிருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

மாலையில் நடந்தே போய் இரண்டு நினைவுச் சின்னங்களைப் பார்த்தோம். பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது அன்று இறந்த பிரிட்டிஷ் 69ஆம் படைப்பிரிவுக்காரர்களுக்கு. மக்கான் சந்திப்பில் இருக்கும் தூண் சிப்பாய்களுக்கு. இரண்டும் ஒரே விடியற்காலையைப் பற்றியவை, ஒன்றில் இருக்கும் செய்தி மற்றதில் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே கல்வெட்டாக எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டுவிட்டு, ஆம்பூர் பிரியாணிக்கு அழைத்துப் போனேன். கத்தரிக்காய்த் தொக்கோடு சாப்பிட்டுக்கொண்டே ஒரு குழு வாசகம் எழுதிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்ட வாசகம் இன்னும் வரவில்லை.

ஞாயிறு இரவு

இன்றைய நாளைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூருக்கு மேற்கே கொஞ்ச தூரம் போனால் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில். "திருவிரிஞ்சை மதிலழகு" என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள், மதிலைப் பார்த்தால் ஏன் என்று புரியும். உள்ளே சிங்க வாய் வழியாக இறங்கும் தீர்த்தக் கிணறும், நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல்லும் இருக்கின்றன. அரைவட்டத்தில் எண்கள் வெட்டியிருக்கிறார்கள், மேலே குச்சி வைத்தால் நிழல் விழும் எண்ணே மணி. பிள்ளைகள் துடைப்பக் குச்சியை வைத்துக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெட்டியவர் எதிர்பார்த்தபடியே இன்னும் வேலை செய்யும் ஒரு சான்று.

நாங்கள் முக்கியமாக வந்தது கோபுர வாசலில் இருக்கும் கல்வெட்டுக்காக. சக ஆண்டு 1347, நம் கணக்கில் 1425. விஜயநகர அரசர் தேவராயர் காலம். கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து வந்திருந்தேன். பாதிப் பேர் கையில் நகல், மீதிப் பேர் கையில் டார்ச். நகலில் இருக்கும் வரியைச் சுவரில் கண்டுபிடிக்க வேண்டும்.

டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போது பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். முதல் எழுத்து அப்படித் தெரிந்தபோது பையன்கள் போட்ட சத்தத்துக்கு, தரிசனத்துக்கு வந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த வேலையாலேயே எத்தனையோ கல்வெட்டுகள் பாழாகியிருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். படைவீட்டு ராஜ்யம் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியின் பிராமணர்கள் கூடி எழுதிக்கொண்ட உடன்பாடு இது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று பல பிரிவினரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். இனிமேல் கல்யாணத்தை, பெண்ணைத் தானமாகக் கொடுக்கும் கன்னியாதானமாகவே செய்ய வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தாலும், பொன் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாலும் ராஜ தண்டனை உண்டு, சாதியிலிருந்தும் விலக்கு. கடைசியில் கையெழுத்துகள்.

படித்து முடித்ததும் ஒரு மாணவி துள்ளிக் குதித்தாள். "டீச்சர், அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே வரதட்சணையைத் தடை செஞ்சிருக்காங்க!" எல்லோரும் கை தட்டினார்கள். தமிழய்யா என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வாசிப்பில்தான் ஒரு பையன் நிறுத்தினான். "பொன் வாங்கிக்கிட்டு பெண் கொடுக்கிறதுன்னா, வாங்குறது பெண்ணோட அப்பாதானே? அப்ப இது வரதட்சணை இல்லையே, தலைகீழா இருக்கே?" சத்தம் அடங்கிவிட்டது. ஆமாம், பொன் போன திசை வேறு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போன பொன்னைத்தான் இவர்கள் தடுக்கிறார்கள். இன்றைய வழக்கத்தை நாம் பழைய கல்லில் ஏற்றிப் படித்துவிடுகிறோம். சொல் சொல்லாகப் படித்தால்தான் கல் சொல்வது காதில் விழும்.

அதோடு விடவில்லை. நடக்காத ஒன்றைத் தடுக்க யாராவது ஊர் கூடிக் கையெழுத்துப் போடுவார்களா? ஆக, அந்தப் பக்கத்தில் பொன் கொடுத்துப் பெண் எடுக்கும் பழக்கம் இருந்தது என்பதற்கு அதைத் தடுக்கும் விதியே சான்று. விதியை எல்லோரும் கடைப்பிடித்தார்களா என்பதைக் கல் சொல்லாது. கையெழுத்துப் போட்டவர்களில் பெண் யாராவது உண்டா என்று தேடினாள் முதலில் துள்ளிய அதே மாணவி. இல்லை. பொன் நின்றுபோனால் அந்தப் பெண்களுக்கு அது நல்லதா கெட்டதா என்று அவள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதிவைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வெளியே வந்தபோது பூ விற்கும் பாட்டி ஒருவர் கேட்டார்: "இன்னாம்மா, காத்தாலேர்ந்து செவுத்துல இன்னா தேடுறீங்க?" பிள்ளைகள் சொன்னார்கள். பாட்டி சிரித்தார். "எங்கம்மா கல்யாணத்துக்கு எங்கப்பன் வூட்டுலதான் பரிசம் கட்டுனாங்க. பொண்ணு வூட்டுல போடுறதெல்லாம் பின்னால வந்ததுதான்" என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எவ்வளவு பணம், யார் கையில் கொடுத்தார்கள், தட்டில் என்னென்ன வைத்தார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. "ஆயா, இதை எழுதிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபுர வாசலில் பிராமணர்களின் விதி, வாசலுக்கு வெளியே வேறொரு சமூகத்துக் குடும்பத்தின் நினைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை எழுதப்போவதாகத் தமிழய்யாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வரும் வழியில் ஒரு பை நிறைய வாங்கினேன். விலை மலிவு.

திங்கள் இரவு

காலையில் பொன்னையாற்றங்கரை மேல்பாடி. சோமநாதேஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு எதிரில் உள்ள சிறிய கோயிலுக்குப் போனோம். ஆற்றூரில் இறந்த தன் பாட்டனார் அரிஞ்சய சோழருக்கு முதலாம் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில் அது. இங்கே வேலை எளிது. "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கும், அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி பிள்ளைகளுக்குப் பாட்டுப்போலத் தெரியும். தெரிந்த வரியைச் சுவரில் தேடுவதால் எழுத்து சீக்கிரம் பிடிபடுகிறது. புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும் என்று தமிழய்யா மூன்று விஷயம் மட்டும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஒரு முழு வரியைத் தாங்களே படித்துவிட்டார்கள். பழைய எழுத்தை மாணவர்களுக்குக் கற்றுத்தர நினைப்பவர்கள் மெய்க்கீர்த்தியில் தொடங்குங்கள் என்று அடித்துச் சொல்வேன்.

மகேந்திரவாடிக்கும் போக நினைத்தோம், மழை பிடித்துக்கொண்டது. ஒரே பாறையைக் குடைந்து, ஏரிக்கரையில் மகேந்திரவர்மன் எடுத்த விஷ்ணு கோயில். ஊருக்கும் ஏரிக்கும் கோயிலுக்கும் தன் பெயரையே வைத்ததை அவனே அங்கே வடமொழியில் வெட்டிவைத்திருக்கிறான். அடுத்த முறை பார்க்க வேண்டும்.

மழையால் மத்தியானமே வேலூர் திரும்பி, தங்கியிருந்த இடத்தின் கூடத்தில் பாய் விரித்து வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை எடுத்தோம். ஆங்கிலேய அதிகாரி காக்ஸ் 1881இல் தொகுத்தது, ஸ்டூவர்ட் திருத்தி 1895இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. இணையத்தில் கிடைப்பதை அச்செடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் அசந்துபோனது மாவட்டத்தின் எல்லையைப் பார்த்துத்தான். திருப்பதி வட ஆர்க்காட்டில் இருக்கிறது, தலைநகரம் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூர் தலைநகரமானது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். ஒரு தாளில் பழைய எல்லையை வரைந்து, அதன்மேல் இன்றைய எல்லைகளை வேறு வேறு வண்ணத்தில் போட்டார்கள்.

அடுத்து அதே நூலில் சாதிகளைப் பற்றி எழுதியிருக்கும் பகுதி. இதைக் கொடுப்பதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஒவ்வொரு சமூகத்தையும் ஓர் அதிகாரி வெளியிலிருந்து பார்த்து, இவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று தீர்ப்புச் சொல்வதுபோல எழுதியிருப்பார். வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடைசியில், அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது, படிப்பவர் அதை வைத்து என்ன வேலை செய்வார் என்ற கேள்விகளை முதலில் பேசி முடித்துவிட்டுத்தான், நானே தேர்ந்தெடுத்த ஒரு பத்தியைக் கொடுத்தேன். வரி வசூலிக்கும், ஆளும் வேலைக்கான நூல் இது என்று அவர்களே சொன்னார்கள். பெயரடைகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடு போடச் சொன்னேன். அடிக்கோடு போட்ட சொற்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் தகவல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணினார்கள். கொஞ்சம்தான் மிஞ்சியது. புண்படக்கூடிய மூலச் சான்றை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும், பேச நேரம் இருக்க வேண்டும்.

செவ்வாய், திரும்பும் வழியில்

போளூரில் டீக்கு நிறுத்தியிருக்கிறோம், கைப்பேசியில் எழுதுகிறேன். விடுமுறை முடிந்து வரும்போது ஆளுக்கொரு பழைய காகிதம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பட்டாளத்திலிருந்து வந்த கடிதம், எதுவானாலும் சரி. அசலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், படம் எடுத்துவந்தால் போதும். ஒரு பையன் உடனே வீட்டுக்குப் போன் போட்டுப் பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டியைப் பற்றி விசாரித்துவிட்டான்.

பிள்ளைகளில் இன்னொரு கூட்டத்துக்கு 1806 விசாரணைக் கோப்புகளை நேரில் பார்க்க வேண்டுமாம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ரகசியப் பிரிவுத் தொகுதிகளில் அவை இருக்கின்றன. அங்கே என்னென்ன கேட்க வேண்டும் என்று வேனின் பின்சீட்டில் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாக்குமூலத்தைப் பெயர்த்தவர் யார், சிப்பாய் கையெழுத்துப் போட்டானா, கைநாட்டு வைத்தானா என்பவை முதல் இரண்டு. தமிழய்யா விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும்.